பத்மஜாம்மா எடுத்த கல்

உங்கள் கண்ணில் கல் இருக்கிறதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பழவங்காடிப் பின்சந்தில் பத்மஜாம்மா இருக்கிறார். பப்பாளித் தண்டைக் கண்ணில் வைத்து ஓர் உறிஞ்சு. தாம்பாளத்தில் ‘டிங்’ என்று கல்லைத் துப்புவார். மிளகாய்ப்பொடி விழுந்த ஹோட்டல் மாஸ்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தே கண் எரியும் கழக்கூட்டத்துப் பையன், யாராக இருந்தாலும் கல் உண்டு. பக்கத்திலேயே உண்டியலும் உண்டு.

கொத்தனார் சொரிமுத்து மறுபடியும் வரிசையில் நின்றான். மச்சு பூசும்போது இடது கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. “தண்ணி மட்டும் தொடப்படாது மோனே, கல்லு உள்ள இறங்கும்” என்று பத்மஜாம்மா சொன்னதால் முகம்கூடக் கழுவவில்லை. கல் எடுக்க எடுக்கக் கண் செக்கச்செவேலென்று வீங்கியது. எதிரே நிற்பவர் புகையாகத் தெரிந்தார்.

“ஏம்லே, கல்லுதான் போயிட்டுல்லா, பொறவு ஏன் செவக்கு?” என்றார் கூட வந்த பகவதிப்பெருமாள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அவனுடைய ஊர்க்காரர்.

“இன்னும் இருக்குன்னு அம்மா சொல்லுதாவ அண்ணாச்சி.”

“அப்போ எனக்கும் இருக்கான்னு பாப்போம்.”

முன்னால் போய் உட்கார்ந்தார். “வலது கண்ணு உறுத்துது தாயே.”

உறிஞ்சல். டிங், டிங், டிங்!

“கண்டோ? அசூயக்காரன் பார்வை பட்ட கல்லாக்கும். இப்போ சுகமில்லே?”

“ரொம்ப சுகம் தாயே.” கீழிமையை விரலால் அழுத்தினார். கண் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அதையும் தாம்பாளத்தில் கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார். செயற்கைக் கண். சொரிமுத்து இத்தனை நாளும் அதை நிஜமென்றே நினைத்திருந்தான்.

வரிசை முன்னால் நெருக்கி வந்து எட்டிப் பார்த்தது. பிறகு கழக்கூட்டத்துப் பையன் கைகூப்பினான். “அம்மையோட சக்தி பொய்க்கண்ணுக்குள்ளயும் போகுதே!” படிப்பென்றால் அதுவல்லவா படிப்பு!

“வாயத் தொறங்க தாயே” என்றார் பகவதிப்பெருமாள்.

பத்மஜாம்மா திறக்கவில்லை. இருமல் திறந்துவிட்டது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த கற்கள், அடுத்து நின்றவர்களின் கண்ணிலிருந்து ‘எடுக்க’ வேண்டியவை, சேலையில் சிதறின.

“கல்லு அவ வாயில இருக்கு, சுண்ணாம்பு உன் கண்ணுல இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாலே!”

அங்கே கண்ணைக் கழுவோ கழுவென்று கழுவிய டாக்டர் சுப்ரியா திட்டினார்: “உடனே தண்ணி விட்டிருக்கணும்! சுண்ணாம்பு சுட்ட இடம் உதவிக்கு ஆள் கூப்பிடும். ரத்தத்துலேருந்து வெள்ளையணுக் கூட்டம் ஓடிவரும். அதான் செவப்பு, வீக்கம். சுண்ணாம்பு உள்ளயே கிடந்தா கூப்பாடு நிக்காது. கூடின கூட்டம் நல்ல இடத்தையும் மிதிச்சு நாசமாக்கிடும்.”

சொரிமுத்துவுக்குச் சந்தில் நின்ற வரிசை ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறக்க வரிசையில் நிற்கிற மகாஜனங்களே, மூளைக்கு வரிசை கிடையாது. நின்ற இடத்திலேயே திறக்கலாம்.

மறுநாள் காலை டாக்டர் சொரிமுத்துவின் நல்ல கண்ணை மூடிவிட்டு, எதிரே விரல்களைக் காட்டினார். விரல்கள் தெரிந்தன. எத்தனை என்று தெரியவில்லை.