கிள்ளான் செந்நீர்ச் சாமி

1994-இல், வெள்ளிக்கிழமை ஆனால் மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடிப்படிக்கே மூச்சுத் திணறும். பூச்சோங்கிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். மேலே செந்நீர்ச் சாமி. நோயாளியை மஞ்சள்நீரில் துப்பச் சொல்வார். கட்டைவிரலால் ஒரு கலக்கு. நீர் சிவந்தால் செய்வினை. இதுவரை யாருக்கும் சிவக்காமல் போனதில்லை. ஊரில் அவ்வளவு செய்வினை.

வள்ளியம்மாவின் கணவர் நாகையா லோரி ஓட்டுநர். எச்.ஐ.வி. அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றிருந்தது. வாயிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து கஞ்சிகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையில் அது மறைந்து சோறு இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். வேரோடு பிடுங்க வேண்டும் என்று அக்கம்பக்கம் ஓத, அவரைச் சாமியிடம் இழுத்துப் போனாள்.

"மாத்திரை செய்வினைக்குத் தீனிமா. நிறுத்திடு," என்றார் சாமி.

நிறுத்தினாள். செய்வினை பட்டினி கிடந்ததோ இல்லையோ, நாகையா கிடந்தார். வெள்ளை திரும்பி வந்தது. தண்ணீர் விழுங்கவே கண் கலங்கினார். அதைப் பார்க்கப் பார்க்க வள்ளியம்மாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

முதல் தடவை கும்பலுக்குப் பின்னால் நின்று கும்பிட்டதில் அவள் எதையும் பார்க்கவில்லை. இந்தமுறை அவரை மறுபடி கூட்டிப்போய் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனையோ கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தவள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் வரும் சிவப்பு தெரியாதா? வெற்றிலையே போடாத சாமியின் நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இந்தத் தடவ அவரே கலக்கட்டும் சாமி."

"தெய்வம் என் விரல்லதான்மா இறங்கும்."

"இறங்கட்டும். மொதல்ல அவரு கலக்கட்டும்லா."

நாகையா துப்பினார், கலக்கினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. யாரும் துப்பாத இன்னொரு மஞ்சள்நீர்க் கிண்ணத்தைச் சாமியிடம் நீட்டினாள். "இப்ப நீங்க."

சாமி கையை வேட்டி மடிப்பில் ஒளித்தார். கூட வந்திருந்த பக்கத்து வீட்டு லெட்சுமி ஆன்டி அந்தக் கையைப் பிடித்து நீரில் முக்கினார். ரத்தச் சிவப்பு.

"செய்வினை சாமிக்குத்தான் போல," என்றாள் வள்ளியம்மா. தொண்டை வலியோடு நாகையா சிரித்தார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு மாத்திரை கொடுத்தார். எச்.ஐ.வி. போய்விடவில்லை, ஆனால் வாய் ஆறி, நாகையா ரசஞ்சோறு கேட்டார்.

சாமி ஓடிவிட்டார். அதே மாடியில் இப்போது எலுமிச்சம்பழத்தைப் பேச வைக்கும் ஒருவர் வந்திருக்கிறாராம். போகிறவர்கள் போங்கள். செருப்போடு சேர்த்து மூளையையும் வாசலில் கழற்றிவிடாதீர்கள். செருப்பு தொலைந்தால் வேறு வாங்கலாம்.