தோமாசாவை அழவைக்க ஒரு திட்டம்

அந்த வாரத்துக்குள் மனைவி தோமாசாவை எப்படியாவது அழவைத்தே தீருவது என்று சிரிலோ முடிவு கட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

ஹொண்டுராஸ் கடற்கரையில் இருந்த அவர்களுடைய ஊருக்கு, கரிஃபுனா இனத்தார் வாழும் ஊருக்கு, யோரிஸ் என்ற ஹாலந்துக்காரர் வந்திருந்தார். ஊர்களை முன்னேற்றும் நிறுவனம் ஒன்று அனுப்பிய ஆள். கரிஃபுனா மேளத்தோடு தன் கம்ப்யூட்டர் இசையைக் கலப்பார். அதை வெளிநாட்டு மேடையில் பாட வைப்பார். வருகிற வருமானத்தில் ஊர் முன்னேறும். ஊர் முன்னேறுவது இருக்கட்டும். பாட்டு கொண்டுவருகிறவருக்கு விமான டிக்கெட் உண்டு என்பதுதான் சிரிலோ காதில் தேனாகப் பாய்ந்தது.

மேளத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் பாட்டு கட்ட வராது. அந்தக் கரையில் பாட்டு பெண்களின் சொத்து. மனசு நொந்தால் மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டே ஒன்றைக் கட்டிவிடுவார்கள். தோமாசாவின் அருமையான பாட்டுகளெல்லாம் சிரிலோ குடித்துவிட்டுப் படகைக் கவிழ்த்த காலத்தில் பிறந்தவை. அவர் திருந்தினார், பாட்டு நின்றது.

'நல்ல புருஷனாக இருந்து ஒரு கலையையே கெடுத்துவிட்டேனே!' என்று வருந்தினார் சிரிலோ. கலவை இசைக்கு முதலில் வேண்டியது கலகம். மறுநாளே வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"மீன் எங்கய்யா?"

"பக்கத்து வீட்டு நிக்காசியோ பொண்டாட்டிக்குக் குடுத்துட்டேன். பெருசா பாத்து!"

"நல்லதா போச்சு. அவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா. நாம வாழைக்காயை இடிச்சு, வெறும் தேங்காய்ப்பால்லயே சாப்பிட்டுக்கலாம்."

சாப்பாட்டில் தகராறு செய்து பார்த்தார்.

"இது வாழைக்காயா? படகு ஓட்டையை அடைக்கலாம் போல இருக்கு!"

"அப்ப மிச்சத்தை எடுத்துட்டுப் போ. படகு ஒழுகுதுன்னு நீதானே சொன்னே?"

கடைசி அஸ்திரத்தையும் எடுத்தார்.

"உன்னைக் கட்டினதுக்கு உன் தங்கச்சியைக் கட்டியிருக்கலாம்!"

"நானும் அப்பவே அதான் சொன்னேன். அவதான் ஓடிட்டா."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் சிரிலோதான் அழுதிருப்பார்.

சனிக்கிழமை காலை யோரிஸ் கூப்பிட்டனுப்பி மேளத்தை மட்டும் பதிவு செய்தார். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம். எப்படியும் ஒரு பாட்டு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், தன் வாழ்நாளிலேயே பிரமாதமாக வாசித்துக் கொடுத்தார் சிரிலோ.

மாலையில் ஊர் கூடியது. யோரிஸ் தன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். மேளம் முழங்கியது. ஏதோ தண்ணீருக்கடியில் வீணை வாசித்தது போல ஒரு சத்தம் அதோடு கலந்தது. அதன் மேல், மத்தியானமே யாருக்கும் தெரியாமல் போய்ப் பாடிக் கொடுத்திருந்த தோமாசாவின் குரல் ஏறியது:

"பெரிய மீனை ஊருக்குத் தந்தான் என் ராசா,
என் கண்ணீருக்குக் கையேந்தி நின்றான் என் ராசா..."

ஊரே இரண்டாவது அடியைத் திருப்பிப் பாடியது. சிரிலோவின் மேளமே சிரிலோவை அடித்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"திருந்தின மனுஷன் திடீர்னு கெட்டா, ஒண்ணு பேய் பிடிச்சிருக்கணும், இல்ல பிளேன் டிக்கெட் பிடிச்சிருக்கணும். பேய்க்கு உன்னைப் பிடிக்காதுய்யா."

பாட்டுக்குக் கைம்மாறாக ஊர்ப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி முகாம் நடத்துவதாக யோரிஸ் சொன்னார். துருவித் துருவித் தோல் கிழிந்த விரல் முட்டிகளைத் தோமாசா அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தலைக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. கைக்கு ஏதாவது பண்ணு. கிழங்கு துருவுற மெஷின் ஒண்ணு வாங்கிக் குடு."

முகாம் போயிற்று, மெஷின் வந்தது.

வெளிநாட்டு மேடைக்குத் தோமாசா புறப்படும் நாளில் சிரிலோ சலவைச் சட்டை போட்டு, மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்கய்யா கிளம்பிட்டே?"

"பாட்டுக்கு மேளம் வேணாமா?"

"அதான் யோரிஸ் பெட்டிக்குள்ள பத்திரமா வருதே!"

"அப்ப நான்?"

தோமாசா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தெருவுல எல்லாரும் கிழங்கும் கூடையுமா வரிசையில நிக்கிறாங்க. நீயும் வந்துட்டா மெஷினை யாருய்யா ஓட்டுறது?"