மடையை மிதித்த மாப்பிள்ளை

எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கியதில்லை, சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் என் கால்களுக்காக நான் சத்தியம் செய்ய முடியாது. முழங்காலுக்குக் கீழே வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று எனக்குப் பல வருஷங்களாகச் சந்தேகம் உண்டு.

பகலில் அவை பரம சாது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் ஒரு முணுமுணுப்பு இருக்காது. விளக்கை அணைத்து, பாயில் சாய்ந்து, "அப்பாடா" என்று சொல்ல வேண்டியதுதான், உடனே ஆரம்பித்துவிடும். அது வலி அல்ல, அரிப்பும் அல்ல. கெண்டைக்காலுக்குள்ளே, எலும்பை ஒட்டி என்னவோ ஊரும். உதறினால் போகும்; உதறி முடித்ததும் வரும். எழுந்து நடந்தால் சுத்தமாக நின்றுவிடும். சரி, நின்றுவிட்டதே என்று வந்து படுத்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படியே சேவல் கூவிவிடும்.

இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

"கால் வலிக்குதா?"

"வலிக்கலை."

"பின்ன என்ன?"

"சும்மா இருக்க மாட்டேங்குது."

கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். என் அம்மா வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தாள். கால் நிற்கவில்லை, வீட்டில் மற்றவர்களின் தூக்கமும் கெட்டது. நாட்டு வைத்தியர் வாயு என்றார். கம்பவுண்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, சிவப்பாக ஒரு தண்ணீர் கொடுத்தார். கூட வேலை பார்த்தவன் இரண்டு காலையும் துண்டால் சேர்த்துக் கட்டிப் படுக்கச் சொன்னான். கட்டினேன். நடுராத்திரி கட்டியதை மறந்து எழுந்து, குடிதண்ணீர்ப் பானை மேல் விழுந்தேன். அதற்குப் பிறகு வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பானை வாங்கிக் கட்டுபடியாகாது.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில். எனக்கு இருபத்துமூன்று வயது. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் பள்ளத்தாக்கில் வக்கீல்களுக்குச் சோறு போடுவதே தண்ணீர்தான். வாய்க்காலில் தண்ணீர் வரும். ஆளுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முறை பிசகினால் மண்வெட்டிக் காம்பு மண்டையில் இறங்கும். உடைத்தவரும் உடைபட்டவரும் அடுத்த நாள் எங்கள் வாசலில் நிற்பார்கள். "மேற்படி பிரதிவாதி, இரவு நேரத்தில், கெட்ட எண்ணத்துடன், மேற்படி மடையை உடைத்து" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். மடை என்பது எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. (டவுன்காரன் சார் நான். எங்கள் வீட்டில் விளைந்தது ஒரே ஒரு துளசிச் செடி. அதையும் ஆடு தின்றுவிட்டது.)

இந்த லட்சணத்தில் கூடலூரில் பெண் எடுத்தேன். மாமனார் பெருமாள்சாமி, நெல் விவசாயி. மாப்பிள்ளை வக்கீல் குமாஸ்தா என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. நான் தும்மினால்கூட அதில் சட்டம் இருக்கும் என்று நினைத்தவர். மனைவி வெள்ளையம்மாளோ, கல்யாணமான மூன்றாம் நாளே என் கால்களின் குணத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள். பாவம், அவள்தானே உதை வாங்கினாள்.

மறுவீட்டுக்குக் கூடலூர் போயிருந்தோம். ஆனி மாதம். புதுத் தண்ணீர் வந்து, முதல் போகத்துக்கு எல்லாரும் நாற்று விட்டிருந்த சமயம். இரண்டாம் நாள் ராத்திரி கோழிக் குழம்பும் பணியாரமும் தின்றுவிட்டுப் படுத்தேன். கால் ஆரம்பித்தது. ஒரு தரம் உதறினேன். இரண்டு தரம் உதறினேன். மூன்றாவது தரம் வெள்ளையம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எந்திரிச்சு அங்கன வாய்க்காப் பக்கம் போயி நடந்துட்டு வாங்க. தண்ணி சில்லுன்னு வருது, கால நனைச்சா அடங்கும். நானும் நாலு நாளாத் தூங்கல."

அதில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாய்க்கால் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடியது. நல்ல நிலா. ஓரத்தில் புல்லும் களிமண்ணுமாகச் சிறிய மேடு ஒன்று இருந்தது. அதில் கால் வைத்தேன். ஆகா! மெத்தென்று உள்ளே இறங்கியது. ஜில்லென்ற தண்ணீர் கெண்டைக்கால் வரைக்கும் ஏறியது. அந்த ஊரல் அப்படியே அடங்கிப்போனது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சுகம். எவ்வளவு நேரம் மிதித்தேனோ தெரியாது, மேடு கரைந்து காலுக்கடியில் தண்ணீர் வேகமாக ஓட ஆரம்பித்தது. ஓடும் தண்ணீர் இன்னும் சுகமாக இருந்தது. கிராமத்தில் எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன். (எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.) பிறகு வந்து படுத்து, விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் மாமனார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ஒடச்சுட்டான் மாப்பிள்ளை! பங்காளிப் பய மடையை ஒடச்சுட்டான்! ராத்திரி நம்ம முறை. சாயங்காலமே அவன் மடையை அடச்சு, தண்ணிய நம்ம வயலுக்குத் திருப்பிவிட்டுட்டுத்தான் வந்து படுத்தேன். இப்பப் பாத்தா நம்ம நாத்தங்கால்ல ஒரு சொட்டு இல்ல. அவன் வயலு தெப்பமா நிக்குது! இனி எட்டு நாளைக்கு நமக்கு முறை இல்ல. நாத்து எப்படிப் பொழைக்கும்?"

பங்காளி என்றது சின்னச்சாமியை. மாமனாருக்குப் பெரியப்பா மகன், பக்கத்து வயல்காரர். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை.

நான் மாமனார் பின்னால் போனேன். அவர் கைகாட்டிய இடத்தைப் பார்த்தேன். என் மேடு! எத்தனையோ மனுவில் நான் எழுதிக் குவித்த "மேற்படி மடை" அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. சின்னச்சாமியும் அவர் மனைவி காமாட்சியும் எதிர்க்கரையில் நின்றார்கள். ஈரக் களிமண்ணில் காலடிகள் அச்சு அச்சாகப் பதிந்து கிடந்தன. ஒருவர் தென்னை ஈர்க்கை ஒடித்து அடியை அளந்தார். பிறகு சின்னச்சாமியின் காலை அளந்தார், அவருடைய பண்ணை ஆட்களின் கால்களையும் அளந்தார். எல்லாம் சேற்றிலேயே வளர்ந்து விரிந்த கால்கள். ஈர்க்கு எதற்கும் பொருந்தவில்லை.

"இது ஆம்பளக் காலு இல்லப்பா. எம்புட்டு ஒடுக்கமா, பூ மாதிரி இருக்கு பாரு. பொம்பளக் காலு" என்றார் அளந்தவர்.

"அதுவும் நடந்த காலு இல்ல. ஒரே எடத்துல நின்னு ஆடியிருக்கா!" என்றார் இன்னொருவர்.

நடுராத்திரி. மடைமேல் ஆடிய பெண். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு யாரோ "செய்வினை" என்றார்கள். எல்லாருடைய பார்வையும் காமாட்சி மேல் திரும்பியது. அந்த அம்மாள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"ஏலே, யாரைப் பாத்து என்ன பேசுறீக? நான் மடையில நின்னு ஆடுனேனா? மூணு பிள்ளை பெத்தவ நான்!" என்று குரல் உடைந்து கத்தினாள்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, இனிப் பேச்சே இல்ல. உக்காந்து எழுதுங்க மனுவை. ஒங்க வக்கீலு கிட்டயே குடுப்போம்."

பேனா வந்தது, காகிதம் வந்தது. வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்தார்கள். கை பழக்க தோஷத்தில் தானே ஓடியது. "மேற்படி பிரதிவாதி, இரவு நேரத்தில், கெட்ட எண்ணத்துடன்." அத்தோடு நின்றுவிட்டது. எனக்கு எந்த எண்ணமுமே இல்லை, கால்தானே என்று வாதாடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெள்ளையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். என் கால் நகங்களைப் பார்த்தாள். களிமண் அப்பியிருந்தது.

"நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீதானே கால நனைக்கச் சொன்ன?"

"நனைக்கத்தான சொன்னேன்? ஒழவா ஓட்டச் சொன்னேன்?" என்றவள் கண்கலங்கினாள். "அந்தப் பெரியம்மா என்னையத் தூக்கி வளத்தவுக. ஊரு அவுகளச் சூனியக்காரின்னு சொல்லுது. நீங்க சொல்லலைன்னா நானே போயிச் சொல்லுவேன்."

மாமனாரின் பெருமை, என் மரியாதை, வக்கீல் குமாஸ்தா என்ற கெத்து எல்லாம் போகப்போகிறது என்று தெரிந்தது. போகட்டும். அந்த அம்மாள் முகத்தை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியவில்லை. உண்மையில் எதையும் மறைத்துவைக்க எனக்குத் தெம்பும் இல்லை. தூக்கம் கெட்டவனுக்குப் பொய் சொல்வதுகூடப் பெரிய வேலை.

எழுந்து போய் ஈரமண்ணில், அந்த அச்சின்மேல், என் காலை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"மாமா, அது என் கால்தான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. ஈர்க்கு வந்தது, அளந்தார்கள், நம்பினார்கள். ஏன் ஆடினேன் என்று கேட்டார்கள். ராத்திரியானால் கால் சும்மா இருக்காது என்று ஊர்முன்னால் விளக்கம் சொன்னேன். முதலில் சிரித்தது காமாட்சிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் ஊரே சிரித்தது. சிரிக்காதவர் மாமனார் ஒருவர்தான். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடுங்க கொழுந்தனாரே" என்று காமாட்சி அவரிடம் நேராகவே பேசினாள். அவர்களுக்குள் அந்தப் பேச்சு பல வருஷம் கழித்து. "எங்க வயலு நெறஞ்சு கெடக்கு. இன்னைக்கி ராத்திரி எங்க முறை. அதை நீங்க எடுத்துக்கங்க. நாத்து காயக் கூடாது. ஆனா ஒண்ணு. என்னையச் சூனியக்காரி ஆக்குன இந்த மாப்பிள்ளைதான் ராத்திரி முழுக்க மடைக்குக் காவல். அவுகதான் தூங்கவே மாட்டாகளே!"

சரியான தீர்ப்பு. எங்கள் வக்கீலுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

இருட்டியதும் கையில் மண்வெட்டியோடு வரப்பில் நிறுத்தப்பட்டேன். நாற்றங்கால் நிறைந்ததும் மடையை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். மடை என்றால் எது, வரப்பு என்றால் எது என்று மாமனார் இரண்டு தரம் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். மேலும் கீழுமாக நடந்தேன். கால்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நடக்கத்தானே கேட்டன, நடந்தேன். பாதி ராத்திரியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தேன். இனி எதையும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் சாய்ந்தேன்.

நான் தூங்கிவிட்டேன் சார். வயதுவந்த நாளிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை.

பிறகு நடந்ததை வெள்ளையம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியற்காலையில் மாமனார் வந்து பார்த்திருக்கிறார். நாற்றங்கால் நிரம்பி வழிந்து, வரப்பு பிய்த்துக்கொண்டு கிடந்தது. எந்த வரப்புக்காக இரண்டு வீடும் பேசாமல் இருந்ததோ, அதே வரப்பு. சின்னச்சாமியும் மண்வெட்டியோடு ஓடிவந்துவிட்டார். மாமனார் வாயைத் திறந்து என்னைத் திட்டப் போனபோது, சின்னச்சாமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

"ஏலே, சத்தம் போடாத. மாப்பிள்ளை தூங்குறாக."

அதன்பிறகு இரண்டு பேரும் சேற்றில் இறங்கி, ரகசியம் பேசுகிற குரலில் "இங்கன மண்ணு போடு", "அங்கன ஒரு புல்லுக்கத்தை வை" என்று சொல்லிக்கொண்டு, சேர்ந்தே வரப்பை அடைத்திருக்கிறார்கள். வெயில் முகத்தில் பட்டு நான் விழித்தபோது என்மேல் இரண்டு துண்டுகள் போர்த்தியிருந்தன. ஒன்று மாமனாருடையது. இன்னொன்று அவருடைய பங்காளியுடையது.

நாற்று பிழைத்துக்கொண்டது. அந்த வரப்பை யாரும் மறுபடி அளக்கவில்லை. இன்றைக்கும் கூடலூரில் அந்த இரண்டு வீட்டிலும் எவராவது குரலை உயர்த்திச் சண்டைக்கு நின்றால், மூன்றாமவர் யாராவது உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீக, மாப்பிள்ளை தூங்குறாக" என்பார்கள். சண்டை சிரிப்பாகிவிடும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை உத்தமபாளையத்தில், பாயில் உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டு விழித்திருப்பான் என்பது வேறு விஷயம்.