மேசைக்கு அடியில் அத்தை

நன்றாக இருக்கிற ஒன்றை, நன்றாகத்தான் இருக்கிறதா என்று நோண்டிப் பார்த்தே கெடுக்கிற ஆட்கள் உண்டு. நானும் அதில் ஒருத்தி. தூங்குகிற பாப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அது விழித்துக்கொள்ளும். பிறகு அரை நாள் இடுப்பில் சுமப்பேன். (இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு அல்ல, எனக்கு.)

எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே. பாப்பாவுக்கு ஒன்றரை வயதானபோது, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். வாடிக்கையாளர்கள் அனுப்புகிற புகார்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. படித்த படிப்பெல்லாம் பால் புட்டி கழுவுவதோடு முடிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயம். இன்டர்வியூவைக் கம்ப்யூட்டரில்தான் கொடுக்க வேண்டும், செல்போனில் கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் இருந்தது. என் தம்பி கல்லூரியில் வைத்திருந்த பழசு. ஆமை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததை, வீடியோ பார்த்து, விண்டோசை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுப் பறக்க வைத்தது நான். இதைச் சொல்லாத சொந்தக்காரர் பாக்கி இல்லை. ஒரே குறை, அதில் வைஃபை இல்லை. அதற்காக நகத்தளவு டாங்கிள் ஒன்று வாங்கினேன். எதில் சொருகினாலும் ஓடும் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் ஓடவில்லை. அது ஓட டிரைவர் என்கிற மென்பொருள் வேண்டும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர டாங்கிள் ஓட வேண்டும். கடைசியில் வீட்டுக்காரர் ஆபீசில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தார். எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருந்த கட்டளைகளை, அர்த்தம் தெரியாமல் மந்திரம் மாதிரி அடித்தேன். என் செல்போனின் ஹாட்ஸ்பாட்டை டாங்கிள் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் பாயசம்.

இன்டர்வியூ நாள் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். அப்போது, புதிய அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது கம்ப்யூட்டர். எதற்கும் இருக்கட்டுமே என்று அமுக்கினேன். அணைந்து எழுந்தபோது வைஃபை என்ற அடையாளமே திரையில் இல்லை. அப்டேட்டில் லினக்ஸின் உள் எந்திரமே மாறிவிட்டது, பழைய எந்திரத்துக்குக் கட்டின டிரைவர் புதுசுக்குப் பொருந்தாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்பது.

செல்போனை ஒயரில் நேராகக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் இன்டர்நெட் வரும். ஆனால் என் போனின் சார்ஜ் ஓட்டைக்குப் பாப்பா கேழ்வரகுக் கூழ் ஊட்டியிருந்தாள். அன்றிலிருந்து சார்ஜ் ஏறும், மற்றபடி கம்ப்யூட்டருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்காரர் ஓசூரில் வேலையில் இருந்தார். மாமாவிடம் இருந்தது பட்டன் போன். மிச்சம் அத்தையின் போன்.

அத்தை என்றால் என் மாமியார், மாமா மாமனார். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்.

"போன் வந்தா என்ன கண்ணு பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

எடுக்காதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தையிடம் எதற்கும் கூடாது என்று சொன்னதில்லை. "ஒயரக் கழட்டாம இங்கயே உக்காந்து பேசிக்கங்க அத்தை" என்றேன்.

ஒயர் ஒரு முழம். கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கு அடியில்.

மாமா பக்கத்து அறையில் தூளி ஆட்ட, இன்டர்வியூ தொடங்கியது. திரையில் ஒரு மேடமும் ஒரு சாரும். நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. அத்தை வந்தார், என் காலடியில் உட்கார்ந்தார், தலையை மேசைக்கு அடியில் விட்டார். பேசியது அவருடைய தம்பி. தக்காளி ஏற்றிய வண்டியோடு மாரண்டஹள்ளியில் நிற்கிறார். வாங்க ஒத்துக்கொண்ட வியாபாரி விலையைக் குறைக்கிறானாம்.

அழைப்பு வந்ததும் இன்டர்நெட் திணறியது. என் படம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. சத்தம் மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ட்ரெய்னிங் முடிஞ்சதும் முழு சம்பளம் குடுத்துருவோம்" என்றார் அந்த சார்.

"அவன் பேச்ச நம்பாத. மொதல்ல காசு கைக்கு வரட்டும்" என்றது திறந்திருந்த என் வாய்.

மேடம் நிதானமாக, என்ன சொன்னீங்க என்று கேட்டார்.

"நான் சொல்லலைங்க மேடம். எங்க அத்தைங்க. மேசைக்கு அடியில இருக்காங்க."

"அங்க ஏன் இருக்காங்க?"

சுருக்கமாக முடித்திருக்கலாம். நான் டாங்கிளில் ஆரம்பித்து, டிரைவர், அப்டேட், கேழ்வரகுக் கூழ் என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அதற்குள் அத்தை பேசி முடித்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்றுபோயிருந்த படமும் அந்த நேரம் பார்த்து உயிர்பெற்று, அவர் முகத்தைத் திரை நிறையக் காட்டியது.

"வணக்கங்க. வேலை குடுக்கறீங்களா இல்லீங்களா? முடிவச் சொல்லிட்டீங்கன்னா போனக் கழட்டிக்குவேன். நான் அந்த யாவாரிகிட்டப் பேசோணும், மாரண்டஹள்ளியில வண்டி நிக்குதுங்க."

அந்த சார் வாயைப் பொத்திக்கொண்டு எங்கேயோ பார்த்தார். "நாளைக்குச் சொல்றோம்மா" என்றார் மேடம்.

"நாளை வரைக்கும் தக்காளி தாங்காதுங்களே" என்றபடி அத்தை ஒயரை உருவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் மெயில் வந்தது. வேலை எனக்குத்தான். அவ்வளவு களேபரத்திலும் ஒருமுறைகூட 'வெளியே போங்க அத்தை' என்று நான் சொல்லவில்லையாம். இவள் எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் பொறுத்துப் போவாள் என்று எடுத்தார்களாம். பின்னால் மேடமே சொன்னார். (அது பொறுமை அல்ல, பயம் என்பதை இன்றுவரை நான் சொல்லவில்லை.)

தக்காளியும் நல்ல விலைக்குப் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்கு இழுத்தடித்தாலும் அத்தையின் அந்த வசனம்தான். போன வருஷம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அதிகம் பேசாத மாமா மூலையிலிருந்து, "முடிவச் சொல்லிட்டீங்கன்னா போனக் கழட்டிக்குவோமுங்க" என்றார். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்க, வந்தவர்கள் விழிக்க, முழுக் கதையையும் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே சரி என்றுவிட்டார்.

அவர்களுக்குப் பென்னாகரம். அங்கே என் பெயர் ஒருவருக்கும் தெரியாதாம். மாமியாரை மேசைக்கு அடியில் உட்கார வைத்த மருமகள் என்று சொன்னால்தான் தெரியுமாம்.