இடைவேளை வரைக்கும்தான் சினிமா

எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தில் பாதிப் பேருக்கு, இடைவேளைக்குப் பிறகும் சினிமா உண்டு என்பதே தெரியாது. நான் சத்தியம் செய்யத் தயார். காரணம் ஒரே ஒரு மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அதைச் சொல்லி ரேஷன் கடையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு அவர் இண்டர்வல் மாமா.

மாமாவிடம் ஒரு லோடு வண்டி இருக்கிறது, குட்டி யானை. வாரமெல்லாம் கத்தரிக்காய் ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களை ஏற்றும். ஆற்றுப் பாலம் தாண்டிக் கடலூரில் மேட்னி. வண்டிக் கூலி கிடையாது. ஒரே நிபந்தனை, மாமா எழுந்தால் எல்லோரும் எழவேண்டும். மாமா எழுவது இடைவேளையில்.

படம் மட்டமென்றால், "இதுக்கு மேல இன்னாத்துக்குடா ஒக்காரணும்? தலவலி மாத்திரைய அவனா வாங்கித் தரப்போறான்?" என்பார்.

படம் நன்றாக இருந்துவிட்டால் இன்னும் அவசரம். "ஏந்திரிங்கபா, கெடுக்கறதுக்குள்ள போயிடலாம்!"

மீதிக் கதை வண்டியில் நடக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பின்னால் இருக்கும் எங்களுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்வார். அவர் கதையில் யாரும் சாகமாட்டார்கள். ரத்த வாந்தி எடுத்த கதாநாயகி பெரியாஸ்பத்திரியில் டோக்கன் போட்டு, மாத்திரை வாங்கி, தேறிவிடுவாள். ஆறு பேரை வெட்டிய வில்லன் மனம் திருந்தி பாகூரில் கரும்புச்சாறு கடை போடுவான். ஒரு ஞாயிறு எங்களோடு வண்டியில் இருந்த செல்வி அக்கா, "அந்தக் கடை எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டேவிட்டார்.

நான் ஒருமுறை கேட்டேன். "முழுசாப் பாத்தா இன்னா ஆயிடும் மாமா?"

"ரெண்டாவது பாதியில எவனையாவது சாவடிப்பானுங்கடா. மொத பாதியிலதான் அவங்கூட நல்லாப் பழக வுட்டானே! பழகனவன் சாவறதப் பாக்கறதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?"

சிரித்தேன்.

இப்படிப்பட்டவருடைய அக்கா மகன் குமரன் சினிமா டைரக்டராகித் தொலைத்தான். முதல் படம் வந்தது. பெரிய நடிகர் யாரும் இல்லை. ஒரு தாயும் மகனும், அவ்வளவுதான். வெள்ளி, சனி இரண்டு நாளும் கடலூர் தியேட்டர் காற்று வாங்கியது. ஞாயிறு மேட்னியும் இப்படியென்றால் தூக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். குமரன் ஊருக்கு ஓடி வந்தான்.

"மாமா, நீ ஏந்திரிச்சா வண்டியே ஏந்திரிச்சிடும். என் மானமே போயிடும். இந்த ஒரு படத்த மட்டும் முழுசாப் பாரு."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் மாமா. அந்த இழுப்பே சரியில்லை.

படம் நன்றாக இருந்தது, அதுதான் வினை. அந்தத் தாய் சிரித்தால் மாமாவும் சிரித்தார். அவள் இரும ஆரம்பித்ததும் நெளிந்தார். இடைவேளை விளக்கு எரிந்தது. மாமா வெளியே போனார். பழக்கதோஷம், நாங்களும் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். குமரன் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றான்.

"அந்தம்மாவ சாவடிச்சிருக்கியாடா?" என்றார் மாமா.

"உள்ள வந்து பாரு."

"சொல்லு, வரேன்."

"சொல்லமாட்டேன் மாமா."

அவன் கண் கலங்கியிருந்தது. உள்ளே மணி அடித்தது. மாமா வண்டிச் சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டார். "நீயே வெச்சிக்கோ. என் கையில இருந்தா ஏந்திரிச்சிடுவேன்."

இரண்டாம் பாதியில் அந்தத் தாய் செத்துப்போனாள். மாமா துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். ஆனால் எழவில்லை. படம் முடிந்து எழுத்தெல்லாம் ஓடி ஓய்ந்த பிறகும் எழவில்லை. குமரன்தான் வந்து சாவியைக் கொடுத்தான். அவன் கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

பாலம் வந்தும் மாமா வாய் திறக்கவில்லை. செல்வி அக்கா தாங்கமாட்டாமல் கேபினைத் தட்டினார். "இன்னா மாமா சும்மா வர்ற? அந்தம்மாவப் பொழைக்க வெய்யி!"

"வுடும்மா," என்றார் மாமா. "கூடவே இருந்து பாத்துட்டோம். இனிமே மாத்திச் சொன்னா அவளுக்கே புடிக்காது."

படம் ஒரு வாரம் ஓடியது. ஊரே மாறிமாறிப் போய் ஓட்டியது. அடுத்த ஞாயிறே வேறொரு படத்துக்குப் போய் மாமா வழக்கம்போல இடைவேளையில் எழுந்துவிட்டார், அது வேறு விஷயம்.

நான் இப்போது சென்னையில் எல்லாப் படத்தையும் கடைசிவரை பார்க்கிறேன். போன வாரம் ஒரு படத்தில் நல்ல பையன் ஒருவனை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள். மனசே ஆறவில்லை. வெளியே வந்ததும் மாமாவுக்கு போன் போட்டு, இடைவேளை வரைக்கும் கதையைச் சொல்லி நிறுத்தினேன்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்றார்.

"தெரியாது மாமா, ஏந்திரிச்சி வந்துட்டேன். நீ சொல்லு."