துபாஷியின் வாக்கு

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னுதுரை அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அப்பாசாமி செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பேத்தி வந்து ரெண்டு கிழமையாச்சு. பள்ளிக்கூடம் போற மாதிரித் தெரியேல்லையே. எங்கை சேர்த்திருக்கிறியள்?"

செடிக்குழி நிறைந்து, பாத்தி நிறைந்து, தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது. அப்பாசாமி வாளியைக் கீழே வைக்கவில்லை.

அவர் மலாக்கா கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளில் சாட்சிகளிடம் சத்தியம் வாங்கியவர். கள்ளச் சாட்சி சொல்ல வந்தவன்கூட அவர் குரலைக் கேட்டதும் ஒருமுறை எச்சில் விழுங்குவான். அவர் குடியிருந்த காஜா பேராங்கில் எல்லைச் சண்டையோ கோயில் சண்டையோ வந்தால், "அப்பாசாமி சொல்லட்டும்" என்பார்கள். அவர் சொன்னால் பேச்சு முடிந்தது. பென்ஷனைவிட, வீட்டைவிட, அதைத்தான் அவர் சொத்து என்று நினைத்திருந்தார்.

இப்போது அந்தச் சொத்துக்கு ஆபத்து வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவன் அவர் பெற்ற பிள்ளை.

தியாகு குருபோங் பக்கம் குடியிருந்தவன். ஊருக்குள் ரேடியோ ரிப்பேர் கடை போட்டதும் மனைவி சீதாவையும் எட்டு வயது மகள் ஜெயாவையும் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டான். வந்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஜெயா எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. இனியும் படிக்கப் போவதில்லை.

"ஜப்பான்காரன் வந்தப்ப பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க. அப்பதான்பா நான் உருப்படியா எதையும் கத்துக்கிட்டேன்" என்றான் தியாகு. "ரேடியோவ யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா? ஆசப்பட்டேன், கத்துக்கிட்டேன். இவளும் ஆசப்பட்டத ஆசப்பட்டப்ப கத்துக்கட்டும்."

அப்பாசாமி மருமகளை நம்பிக்கையோடு பார்த்தார். சீதா கல்யாணத்துக்கு முன் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள்.

"நான் பள்ளிக்கூடத்த உள்ள இருந்து பாத்தவ மாமா. அதனாலதான் அனுப்பல" என்றாள் சீதா.

இந்த நியாயத்தையெல்லாம் வேலி தாண்டிப் பொன்னுதுரையிடம் எப்படிச் சொல்வது? அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் படிக்காத மனிதனை அவர் இன்னும் வண்டி ஏறாத பயணியாகவே கருதினார். துபாஷி வீட்டுப் பேத்தி தற்குறி என்று அவர் நாக்கு ஒருமுறை சொல்லிவிட்டால், மறுநாள் புக்கிட் ரம்பாய் வரைக்கும் போய்விடும்.

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம்" என்றார் அப்பாசாமி. "சேத்தாச்சு. சட்டை தைக்கக் கொடுத்திருக்கு. வந்ததும் போவா."

படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஜெயா தலையைத் தூக்கினாள். பொன்னுதுரை உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"தாத்தா, நீங்க இப்ப சொன்னது பொய்யா?"

அப்பாசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது. கோர்ட்டுக் குரல் வந்தது.

"எனக்குப் பொய் சொல்ற பழக்கம் கிடையாது."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு மறுபடி கடிகாரத்துக்குள் குனிந்தாள்.

சொன்ன சொல்லுக்கு ஒரு சட்டையாவது வேண்டுமே. அப்பாசாமி தையல்காரரிடம் போய், எந்தப் பள்ளிக்கூடம் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பள்ளிச் சட்டை தைக்கச் சொன்னார். வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை. பிறகு பெச்சா ஓட்டும் சுப்பையனைப் பிடித்தார். தினம் காலையில் ஊரார் கண்ணில் படும்படி பேத்தியை அந்த மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

"நாடகமாப்பா ஆடச் சொல்றீங்க?" என்று தியாகு கோபப்பட்டான்.

ஜெயா குறுக்கே வந்தாள். "நான் போறேன். ஆனா எங்க போகணும்னு நான்தான் சொல்லுவேன்."

தியாகுவின் கோபம் அங்கேயே கரைந்துபோனது. பாசார் சந்தையைப் பார்த்தாலும் படிப்பு, படகுத்துறையைப் பார்த்தாலும் படிப்பு என்று அவன் தினம் சொல்லிவந்தது அதுதானே. சுப்பையனிடம் உண்மையைச் சொல்ல அப்பாசாமிக்கு மனம் வரவில்லை. பெச்சாக்காரனிடம் போய் வீட்டு மானத்தை அவிழ்ப்பதா?

"பாப்பா எந்த எடம் சொல்லுதோ அங்க போ. மத்தியானம் கொண்டுவந்து விடு. மத்ததெல்லாம் கேக்காத."

"சரிங்கய்யா" என்றான் சுப்பையன். அவன் அதிகம் பேசாதவன் என்பதில் அப்பாசாமிக்கு நிம்மதி.

பெச்சா புறப்பட்ட அன்று பொன்னுதுரை வேலியருகே நின்று கை அசைத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று அப்பாசாமி இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் அண்ணாமலைச் செட்டியார் பிடித்துக்கொண்டார். தமிழ்ப் பள்ளியின் கட்டட நிதிக்கு அவர்தான் தலைவர்.

"பேத்தி சட்டை போட்டுக்கிட்டு பெச்சாவுல போறத பாத்தேன். நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதானே போட்டிருக்கீக?"

போன ஆண்டு அந்தப் பள்ளியின் ஆண்டுக் கூட்டத்தில், நம் பிள்ளைகளை நம் பள்ளியில் சேர்க்காதவன் தமிழனே இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசியவர் அப்பாசாமி. தட்டிய கை இப்போது விபூதித் தட்டில் தயங்கியது.

"வேற எங்க போடுவேன் செட்டியாரே" என்றார்.

ஜெயா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது ஆள் தெருமுனை வீட்டு ஹாஜி. பழைய பெங்ஹுலு, பல ஊர்களின் பஞ்சாயத்தைப் பார்த்தவர். ஜெயாவின் பாவாடை நிறைய ரம்புத்தான் பழத்தைக் கொட்டிக்கொண்டே, நாடு சுதந்திரம் அடையும்போது இனிப் பிள்ளைகளுக்கு மலாய்தானே வேண்டும், உங்கள் பேத்தியை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். வீட்டுக்கு ஒரு பிள்ளை மலாய்ப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவரிடம் பெரிய மனிதத் தோரணையில் யோசனை சொன்னவரும் அப்பாசாமிதான். நல்ல, சுத்தமான மலாயில் அப்பாசாமி பதில் சொன்னார். மலாய்ப் பள்ளியில்தான் என்றார்.

மூன்று பாஷைகளில் சத்தியம் வாங்கிய மனிதர், மூன்று பாஷைக்காகவும் பொய் சொல்லி முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டது. வீட்டில் மற்றவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். ஜெயா சாப்பிடும்போது கிழமைகளை ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். மலாயில் ஒரு பாட்டு பாடினாள். தமிழில் ஆத்திரம், அவசரம் என்று நீள நீள வார்த்தைகளை எழுதிக் காட்டினாள்.

"பாத்தீங்களாப்பா? பாசார்ல சுத்தறா, தானா கத்துக்கறா. எந்தப் பள்ளிக்கூடம் இத கொடுக்கும்?" என்று தியாகு பூரித்தான். சீதா மட்டும் மகளின் விரல் நுனியில் இருந்த சாக்கட்டித் தூளைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

அப்பாசாமி எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. மூன்று பேரும் ஓரிடத்தில் கூடிவிடக் கூடாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். யோசித்து யோசித்து, ஆங்கிலப் படிப்புப் படித்தவர்களைச் செட்டியாருக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று பொன்னுதுரையின் காதில் போட்டார். பொன்னுதுரைக்குத் தமிழ்ப் பள்ளி என்றாலே இளப்பம் என்று செட்டியார் காதில் போட்டார். ஹாஜிக்கு முழங்கால் வலி. அதிகம் வெளியே வரமாட்டார். இனி ஒருவர் இருக்கும் திசையில் மற்றவர் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

பொன்னுதுரை மானஸ்தர். காரணமில்லாமல் ஒரு பெரிய மனிதர் தன்னை வெறுப்பதா என்று இரண்டு நாள் மனம் நொந்தார். மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு செட்டியார் வீட்டுப் படியேறிவிட்டார். செட்டியார் பதறிப்போய் உள்ளே அழைத்தார். பொழுது சாயும்வரை பேசினார்கள். வழியில் போன ஹாஜியையும் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். அவருடைய முழங்காலுக்குச் செட்டியார் ஒரு தைலம் கொடுத்தார். வலியும் போய்விட்டது.

அன்று மாலை மூன்று பேரும் சேர்ந்து அப்பாசாமியின் வாசலில் வந்து நின்றார்கள்.

"நீங்கள் அண்டைக்குச் சொல்லாட்டி நாங்கள் பேசியே இருக்க மாட்டம்" என்றார் பொன்னுதுரை, கண் கலங்க. "இனி எங்கை போனாலும் நாலு பேராத்தான்."

வரும் சனிக்கிழமை, சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று பண்டா ஹிலிர் திடலில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் கொடி பிடித்து அணிவகுத்துப் போகிறார்கள் என்றும், துபாஷி பேத்தி நடப்பதை நால்வரும் ஒன்றாக நின்று பார்ப்பதென்று முடிவாகிவிட்டது என்றும் செட்டியார் சொன்னார். நல்லவேளை, எந்தப் பள்ளியோடு நடக்கிறாள் என்று மூவரில் ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. மூவருக்கும்தான் அது நிச்சயமாகத் தெரியுமே.

அப்பாசாமிக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. பேத்திக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுக்கவைப்பது. சீதாவிடம் சொன்னார்.

"அவளையே கேளுங்க மாமா. அவ விஷயத்த அவதான் முடிவு பண்ணுவா. இந்த வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

முப்பது நீதிபதிகளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், எட்டு வயதுப் பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

"ஜெயாம்மா, சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல்."

"முடியாது தாத்தா" என்றாள் அவள். "அன்னிக்கு எனக்கு நெறைய வேல இருக்கு."

சனிக்கிழமை விடிந்ததும் அவள் படுக்கை காலியாக இருந்தது. சுப்பையனின் பெச்சாவையும் காணோம்.

திடலில் நல்ல கூட்டம். அப்பாசாமி கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, மூன்று நண்பர்களுக்கு நடுவில் நின்றார். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிறத்தியார் வாயால் கேட்பதைவிடத் தன் வாயாலேயே சொல்லிவிடுவது மேல். மானம் போகத்தான் போகிறது, குனியாமல் போகட்டும். வலது கையை நெஞ்சில் வைத்தார். சாட்சிக் கூண்டில் ஏறியவனுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க மூணு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"அந்தா நம்ம பள்ளிக்கூடம் வருது" என்றார் செட்டியார். "ரெண்டாவது வரிசை. அந்தா பேத்தி."

தமிழ்ப் பள்ளியின் இரண்டாவது வரிசையில், கையில் கொடியோடு, தாத்தாவைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு ஜெயா நடந்து போனாள்.

அப்பாசாமியின் கை நெஞ்சிலேயே நின்றது. பொன்னுதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெப்பிடி? இங்கிலீஷ் பள்ளிக்கூடமெல்லோ..." என்று இழுத்தார். செட்டியார் திரும்பி அவரைப் பார்த்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெச்சாவின் மணி விடாமல் அடித்துக்கொண்டு ஓடியது.

நாலைந்து பள்ளிகள் கடந்த பிறகு ஆங்கிலப் பள்ளி வந்தது. கடைசி வரிசையில், தலையில் புது நீல ரிப்பனோடு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஜெயா. இந்தத் தடவை செட்டியார் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

பெச்சா மணி மறுபடியும் ஓடியது.

மலாய்ப் பள்ளி வந்தபோது நால்வரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். தலையில் மஞ்சள் முக்காட்டோடு, முகமெல்லாம் வியர்வையாக, நடு வரிசையில் ஜெயா வந்தாள். ஹாஜி கை தட்டினார்.

பிறகு மூவரும் தாங்கள் கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்பாசாமி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

ஹாஜிதான் முதலில் சிரித்தார். கேட்டது மூன்று பாஷைக்காரர்கள், இவருக்கு இருப்பது ஒரு பேத்தி. யாருக்கும் குறை வைக்காமல் பங்கு போட்டுவிட்டார் என்றார். செட்டியார் அதை ஆமோதித்தார். பொன்னுதுரை அப்பாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனிசன் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை. மூண்டு பேருக்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்."

அப்பாசாமி தலைப்பாகையைத் திரும்ப எடுத்துக் கட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தியாகு செய்த ஏற்பாடாக இருக்குமோ என்று பார்த்தால், அவன் சற்றுத் தள்ளிக் கூட்டத்தில் சீதாவோடு நின்று, பிளந்த வாயை மூட மறந்திருந்தான்.

நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு, அவர் திடலோரத்தில் சுப்பையன் வண்டியை நிறுத்தியிருந்த மரத்தடிக்கு நடந்தார். பெச்சாவின் இருக்கையில், முக்காடு ஒரு பக்கமும் ரிப்பன் ஒரு பக்கமுமாக ஜெயா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சுப்பையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஏன்பா, இன்னிக்கு இந்த மூணு பள்ளிக்கூடத்துலயும் இவள யாரு சேத்துக்கிட்டா?" என்று கேட்டார் அப்பாசாமி.

"இன்னிக்கா?" என்றான் சுப்பையன். "மொத நாள்லேருந்து பள்ளிக்கூடந்தானுங்களே. துபாஷி ஐயா பேத்தின்னதும் மூணு எடத்துலயும் உக்கார எடம் கொடுத்துட்டாங்க. எங்க தாத்தா வாயால சொன்னது எதுவும் பொய்யாப் போகக் கூடாதுன்னு பாப்பா மொற வச்சுப் போவுது. அதனால ஒரு ஒத்தாச பண்ணுங்கய்யா. இனிமே யாருகிட்டயும் புதுசா ஒரு பள்ளிக்கூடம் சொல்லிடாதீங்க. வாரத்துக்கு அஞ்சு நாளுதான் இருக்கு."