முப்பத்தேழு சதவீதத்தில் நின்றவன்

ஒரு விஷயத்தைத் தீர்மானிக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்பவனை ஊரில் நிதானமானவன் என்பார்கள். சுத்தப் பொய். அவன் பயந்தாங்கொள்ளி. நான் அப்படித்தான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மனு டைப் அடிப்பது, ஜெராக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டங்களும் தசாபுக்தியும் முப்பது பக்கத்துக்கு வந்து விழும். அந்தக் கம்ப்யூட்டர் தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்கும்: புது சிஸ்டத்துக்கு இப்போதே மாறுகிறீர்களா, அப்புறம் பார்க்கலாமா? நான் தினமும் 'அப்புறம்'தான். மாறினால் ஜாதக சாஃப்ட்வேர் ஓடுமோ ஓடாதோ என்று பயம். மாறாவிட்டால் வைரஸ் வந்துவிடுமே என்று பயம். (கிரிவலம் போனபோது எட்டு லிங்கத்திடமும் இதைக் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரும் வாயே திறக்கவில்லை.)

தைரியம் வந்தது ஒரு வரனால். தை பிறந்ததும் தரகர் சொன்னார்: செங்கம் பக்கத்துப் பெண், பெயர் கவிதா, காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறாள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. அதுவரை வந்த வரனெல்லாம் போட்டோவோடு நின்றவை. ஜாதகம் வரை வந்தது இது ஒன்றுதான். பெண்ணின் அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். போனில் சொன்னார்: "நீங்களே ஜாதகம் போடறவராமே? வெள்ளிக்கிழமை கடைக்கே வந்துடறோம். ரெண்டு ஜாதகத்தையும் கண்ணெதிர்லயே போட்டுப் பொருத்தம் பார்த்துடலாம்."

கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவள் வந்து என் அரதப் பழசு சிஸ்டத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்! மாறிவிடுவது என்று முடிவு கட்டினேன். எப்போது? அதையும் அந்த ஜாதக சாஃப்ட்வேரிடமே கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம் என்று காட்டியது. தன் சாவுக்குத் தானே நாள் குறித்துக் கொடுத்தது, பாவம்.

ஒன்பது இருபதுக்குச் சூடம் ஏற்றி, மவுஸுக்குக் குங்குமம் வைத்து, அழுத்தினேன். அரை மணியில் முடிந்துவிடும் என்று கணக்கு. பத்து இருபதுக்குத் திரையில் முப்பத்தேழு சதவீதம். பத்து இருபத்தைந்துக்கும் அதே முப்பத்தேழு. பத்தரைக்கு ராகு காலம்! அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்ல நேரத்துலதான்மா ஆரம்பிச்சேன். இன்னும் முடியலை. ராகு காலம் வரப் போவுது."

"ஆரம்பிச்சது இருக்கட்டும்டா. அது எப்போ முழிக்கும்?"

"பதினோரு மணி ஆவும் போல."

"அப்போ அது பொறக்கறதே ராகு காலத்துலயா? பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நாளும் அதுவுமா! நிறுத்துடா மொதல்ல. பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம்."

'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஐயா, படித்தேன். நான் டிகிரி முடித்தவன். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கினேன்.

பன்னிரண்டு அடித்ததும் சொருகினேன். திரை கறுப்பு. மறுபடி பிடுங்கிச் சொருகினேன். மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. பன்னிரண்டேகாலுக்கு வாசலில் கார் வந்து நின்றது. (அவர்களும் ராகு காலம் போகட்டும் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காரிலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.)

மகளோடு உள்ளே வந்த ஹெட்மாஸ்டர் கறுப்புத் திரையைப் பார்த்தார். "பரவால்ல தம்பி. பொறந்த நேரத்தைச் சொல்லுங்க. எங்க ஜோசியர்கிட்ட போட்டுக்கறோம்."

நேரம் எனக்குத் தெரியாது. மறைந்த அப்பா கைப்பட எழுதி வைத்த ஜாதக நோட்டை, பதினைந்து நாள் முன்பு போகி அன்றைக்கு, "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று பெருமையாக நெருப்பில் போட்ட மகராசன் நான். மறுபடி அம்மாவுக்கே போன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகித் தொலைத்தது.

"அம்மா, நான் எத்தினி மணிக்குப் பொறந்தேன்?"

"கோயில்ல பூஜை மணி அடிச்சப்போ."

"எந்தப் பூஜைம்மா? அண்ணாமலையாருக்கு ஒரு நாளைக்கு ஆறு காலப் பூஜை!"

"அது எனக்கு எப்பிடிடா தெரியும்? நான் வலியில கத்திக்கினு இருந்தேன். மணியை எண்ணிக்கினா இருந்தேன்?"

"பகலா ராத்திரியாவது சொல்லும்மா!"

"ரூமுல லைட்டு எரிஞ்சிது. இப்போ எதுக்கு அதெல்லாம்? பொண்ணு எப்பிடிடா இருக்குது?"

கவிதா குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"பென்டிரைவ் இருக்குதுங்க. ஆனா அது ஃபுல்லா பாட்டு. அழிக்க மனசு வரலை."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. பொறந்த நேரத்தையே பத்திரமா வெச்சுக்காதவர்கிட்ட பொண்ணை எப்பிடிக் குடுக்கறது?"

நியாயமான கேள்வி.

டிஸ்க்கைப் பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். ஊரார் ஜாதகத்தோடு என்னுடையதும் போயிற்று. புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. யார் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டேனோ அவள்தான் இல்லை. அன்று கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து கவிதா கடைக்கு வந்தாள். கையில் குழந்தை. அதற்கு ஜாதகம் போட வேண்டுமாம். பிறந்த நேரத்தை நொடி வரைக்கும் சீட்டில் எழுதி வந்திருந்தாள். போட்டுக் கொடுத்தேன். "பென்டிரைவ்லயும் ஒண்ணு ஏத்திக் குடுங்கண்ணா" என்றாள். அண்ணா! அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் 'முப்பத்தேழு மாமா'. எந்த வரன் தட்டிப்போனாலும் அக்கா போன் செய்து, "இந்தத் தடவை எத்தினி பர்சென்ட்ல நின்னுச்சுடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை விசாரிப்பாள். வருகிற ஐப்பசியில் எனக்கு நிஜமாகவே முப்பத்தேழு முடிகிறது. எத்தனை மணிக்கு என்றுதான் தெரியவில்லை.